சொல்லாததையும் சொன்ன உத்தியோகம்

நான் ஓய்வு பெற்றபோது எனக்கு வயது இருபத்தெட்டு. பென்ஷன் கிடையாது, பிரியாவிடை கிடையாது, மாலை கிடையாது. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாம் கவுண்டர் மேடம் தன் போனை மேசையில் நிமிர்த்தி வைத்தார். எங்கள் ஆள் தமிழில் பேசினால் அது சிங்களத்தில் பேசியது. மேடம் சிங்களத்தில் பேசினால் அது தமிழில் பேசியது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து மேடம் சிரித்தார். ஆறு வருட சேவை அந்தச் சிரிப்போடு முடிந்தது.

அது ஒரு அரசாங்கக் கந்தோர். எது என்று சொல்ல மாட்டேன், அங்கே எனக்கு இன்னும் ஒரு காகிதம் கையெழுத்தாக வேண்டியிருக்கிறது. யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆட்கள் அங்கே வருவார்கள். சிங்களம் தெரிந்தவர்களும் கவுண்டரைக் கண்டால் மறந்துவிடுவார்கள். அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் நின்று அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் சொல்வதுதான் என் உத்தியோகம். இப்போது த்ரீவீலர் ஓட்டுகிறேன்.

பத்து நாளைக்கு முன்னால் அதே மேடம் கூப்பிட்டார். "குமார், இந்தப் போன் ரொம்ப உண்மை பேசுகிறது" என்றார்.

நடந்தது இதுதான். மாரிமுத்து மாமா ஒரே காகிதத்துக்காக நாலாவது தடவை வந்திருக்கிறார். கவுண்டரில் நின்றபடி தன் பொண்டாட்டியிடம் மெதுவாக, "இந்தம்மா கையெழுத்துப் போடுறதுக்குள்ள எனக்குக் கருமாதியே முடிஞ்சிரும்" என்றிருக்கிறார். போன் அதை ஒரு இனிமையான பெண் குரலில், ஒரு சொல் குறையாமல் சிங்களத்தில் சொன்னது. மேடத்துக்கு முகம் சிவந்தது. மாமாவுக்குப் போன் மேல் கோபம். "நான் ஒங்கிட்டயா பேசினேன்?" என்று கத்தினார். போன் அதையும் சொன்னது.

ஆகவே போனை எடுத்து வைத்துவிட்டு, டிப்ளோமா படித்த இரண்டு தங்கச்சிகளை நியமித்திருக்கிறார்களாம். நான் எப்படிச் செய்தேன் என்று அவர்களுக்கு எழுதித் தரச் சொன்னார் மேடம். எழுதுவதில் எனக்கு ஒரு சின்னச் சிக்கல் உண்டு. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்துவிட்டோம். பிழை இருந்தால் தங்கச்சிமார் திருத்திக்கொள்ளட்டும், அதற்குத்தானே டிப்ளோமா.

என்னுடைய பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நல்ல சிங்களத்தைக் கிராமத்துப் பையன்களோடு வாலிபால் விளையாடிக் கற்றுக்கொண்டேன். கெட்ட சிங்களத்தைச் சின்னச்சாமி அண்ணனிடம் கற்றுக்கொண்டேன். அவர் எங்கள் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். கத்தி வழுக்கினால் தமிழில் திட்ட மாட்டார், மரத்துக்குப் புரிந்துவிடுமாம். சிங்களத்தில் திட்டுவார். அந்த மரங்களுக்கு நடுவில் இரண்டு வருடம் வாளி தூக்கினேன். வேறு பட்டம் என்னிடம் கிடையாது.

ஒரு நாள் என் அடையாள அட்டை விஷயமாகக் கந்தோருக்குப் போனேன். முன்னால் நின்ற அக்கா கவுண்டரில் திணறினார். இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுத்தேன். அடுத்தவர் என் சட்டையைப் பிடித்தார். மத்தியானத்துக்குள் பதினோரு பேர். என் அட்டை வேலை நடக்கவில்லை, ஆனால் ஆறு பிளேன்டீயும், மாலுபாண் என்கிற மீன் பன் இரண்டும் கிடைத்தன. அப்போதுதான் உள்ளேயிருந்து சிவபாதம் சேர் வந்தார்.

சிவபாதம் சேர் யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் கந்தோரில் பெரிய கிளார்க். கோடையிலும் நீளக் கைச் சட்டை, மணிக்கட்டில் பித்தான். அவர்தான் அந்தக் கந்தோருக்கு மொழிபெயர்ப்புக்கும் பொறுப்பு. ஆனால் அவருடைய தமிழ் எங்கள் ஆட்களுக்குப் புரியாது. எங்கள் ஆட்களுடைய தமிழைக் கேட்டால் அவருக்குத் தலைவலி வரும். ஆகவே தமிழிலிருந்து தமிழுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. கவுண்டர் ஓரத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டார்.

"தம்பி, ஒண்டு மட்டும் சொல்லுறன். அவை சொன்னதைச் சொல்லும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். விளங்குதோ?"

விளங்கியது. செய்யத்தான் முடியவில்லை.

சேருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யார் வந்து தன் மேசைக்கு முன்னால் நின்றாலும் எழுந்து நிற்பார். மந்திரியா மாரிமுத்துவா என்று பார்க்க மாட்டார். எழுந்து, பித்தானைச் சரி பார்த்து, "இருங்கோ" என்று நாற்காலியைக் காட்டி, அவர்கள் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். என் முதல் வாரத்தில் லெச்சுமி அக்காவை அவரிடம் அனுப்பினேன். சேர் எழுந்து நின்றார். அக்கா கையிலிருந்த காகிதங்களைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார். கேட்டில் போய்ப் பிடித்தேன்.

"என்னக்கா ஆச்சு?"

"டேய், சேர் எந்திரிச்சிட்டாருடா! நான் என்னடா தப்புப் பண்ணேன்?"

அக்காவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்தில் தொரையோ கணக்கப்பிள்ளையோ நாற்காலியை விட்டு எழுந்தால் யாருக்கோ வேலை போகப் போகிறது என்று அர்த்தம்.

"அவரு எல்லாருக்கும் எந்திரிப்பாருக்கா. அது மரியாத."

"எல்லாருக்குமா?" அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இடுப்புல ஏதும் வருத்தமோ?"

நான் சேரிடம் போய், ஆட்கள் பயப்படுகிறார்கள், நீங்கள் உட்கார்ந்தே பேசலாமே என்றேன். "அதுக்கு நான் என்ன செய்யிறது? அவை பயப்பிடுறதை விடட்டும்" என்றார். இரண்டு வருடம் கழித்து ஒரு நாள் லெச்சுமி அக்கா வாசலிலேயே நின்றார். ஏன் உள்ளே போகவில்லை என்று கேட்டேன். "சேர் எழுதிக்கிட்டு இருக்காரு. என்னய இன்னும் பாக்கல. எந்திரிக்கட்டும், போறேன்" என்றார்.

இனி என் வேலை முறை. தங்கச்சிமார் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்கவும். நிற்கும் இடம், வந்தவருக்கு அரை அடி பின்னால். முன்னால் நின்றால் அதிகாரி உங்களோடு பேச ஆரம்பித்துவிடுவார், வந்தவர் அங்கே கிடக்கும் குடை மாதிரி ஆகிவிடுவார். அதிகாரி பேசும்போது அதிகாரியைப் பார்க்காதீர்கள், வந்தவரைப் பாருங்கள். அவருக்கு எந்த இடத்தில் கண் கலங்குகிறது என்று தெரிந்தால்தான் எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியும். எங்கள் ஆட்கள் 'ங்க' போட்டுப் பேசும் மரியாதை சிங்களத்துக்குப் போகும்போது வழியில் கொட்டிவிடும். அதற்குப் பதிலாக முதலில் ஒரு 'சமாவென்ன', அதாவது மன்னிக்கணும், கடைசியில் ஒரு 'கருணாகரலா', அதாவது தயவுசெய்து, நானே போட்டுவிடுவேன். வந்தவர் திட்டினால் அதில் இருக்கும் கேள்வியை மட்டும் எடுத்துக் கொடுப்பேன். "இவளுக்குக் கண்ணு பொட்டையா, மூணு தடவ எழுதிக் குடுத்தாச்சு" என்றால், "மேடம், சமாவென்ன, இதை மூன்று முறை கொடுத்திருக்கிறார், ஒரு தடவை பார்க்க முடியுமா, கருணாகரலா." மேடம் பார்ப்பார். காகிதம் கிடைக்கும். எல்லோருக்கும் சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்தில் தலை கால் புரியாமல் ஒரு பெரிய தப்புச் செய்தேன்.

ராமையா அண்ணன் என்று ஒருவர், பக்கத்துத் தோட்டம். அவர் கேட்ட விஷயம் அந்தக் கந்தோரில் நடக்காது, கேகாலைக்குத்தான் போக வேண்டும். கவுண்டர் ஐயா 'பே' என்றார். முடியாது என்பதற்குச் சிங்களத்தில் அவ்வளவுதான், ஒரே எழுத்து. ராமையா அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அந்த ஒரு எழுத்தை அந்த முகத்தில் போட எனக்கு மனசு வரவில்லை. "ஐயா யோசிக்கிறாருங்க. அடுத்த வாரம் வந்து பாருங்களேன்" என்றேன். அண்ணன் கும்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரம் வந்தார். ஐயா மறுபடி 'பே' என்றார். நான் மறுபடி அவரை யோசிக்க வைத்தேன். இப்படி ஆறு தடவை. ஆறாவது தடவை அவர் மேட்டில் ஏறி வரும்போது மழை. நனைந்த காகிதத்தைச் சேரின் மேசையிலேயே காயப் போட்டார். சேர் படித்தார். விஷயம் வெளியே வந்தது.

அவரைக் கேகாலைக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதிக் கொடுத்த பிறகு சேர் என்னைக் கூப்பிட்டார். நான் போய் நின்றேன். சேர் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. சேர் எழுந்ததைப் பார்த்து ஓடிய லெச்சுமி அக்காவை அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது, ஆனால் தலைகீழாக.

"அந்தாள் ஆறு தரம் நடந்து வந்திருக்கிறார்."

"முகத்துல அடிச்ச மாதிரி இல்லைன்னு சொல்ல முடியல சேர். மரியாதைக்காக…"

"அது மரியாதை இல்லைத் தம்பி. அது உமக்கு லேசு. இல்லை எண்டால் இல்லை எண்டு சொல்லும். எப்பிடிச் சொல்லுறது எண்டது உம்முடைய விருப்பம். பதிலை மாத்தக் கூடாது."

அதற்குப் பிறகு நான் பதிலை மாற்றவில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அந்தக் கதையைத்தான் மேடம் எழுதச் சொன்னாரோ என்னவோ.

சின்னச்சாமி அண்ணன் தோட்ட எல்லையில் வீடு கட்டிக் குடியிருந்தார். பக்கத்து வளவு குணதாச முதலாளியுடையது. ரோட்டோரம் கடை வைத்திருக்கிறார், பருப்பு, கருவாடு, சவர்க்காரம் எல்லாம் கிடைக்கும். இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள். மலை ஊற்றிலிருந்து ஒரு கறுப்புப் பைப் முதலாளியின் வளவு வழியாகச் சின்னச்சாமி அண்ணன் வீட்டுக்கு வருகிறது. அவருக்கு அந்தத் தண்ணீர்தான். அவருடைய மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதலாளி அந்தப் பைப்பை மடக்கிக் கட்டிவிட்டார். கல்யாணம் வீட்டில்தான். முந்நூறு பேருக்குச் சோறு போட வேண்டும். குடத்தில் தூக்கி எவ்வளவு தண்ணீர் கொண்டுவருவது? விஷயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. அங்கே மொழிபெயர்க்கச் சிவபாதம் சேரைக் கூப்பிட்டார்கள். அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போய், என்னைப் பேசச் சொல்லிவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார்.

சபை கூடுவது சனிக்கிழமை, பள்ளிக்கூடத்தில். அன்றைக்குக் கிடைத்தது இரண்டாம் வகுப்பு அறை. நாற்காலிகளும் இரண்டாம் வகுப்பு நாற்காலிகள். எல்லோருக்கும் முழங்கால் தாடையைத் தொட்டது. தலைமை வகித்தவர் ஓய்வு பெற்ற ஒரு பள்ளிக்கூட அதிபர் அம்மா. அவருக்கு மட்டும் ஆசிரியர் நாற்காலி.

"சிங்களம் தெரியுமா?" என்று அண்ணனைக் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"ஒரு சொட்டும் தெரியாதுங்க" என்றார், எனக்குக் கெட்ட சிங்களம் முழுவதையும் சொல்லிக் கொடுத்த மனிதர்.

முதலாளியிடம் தமிழ் தெரியுமா என்று கேட்டார் அம்மா.

"மட்ட தெமள பே." எனக்குத் தமிழ் தெரியாது என்று முதலாளி கூரையைப் பார்த்துச் சொன்னார். முப்பது வருடமாக எங்கள் பெண்களோடு தமிழிலேயே சண்டை போட்டுப் பருப்பு விற்கிறவர்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகுதான் புரிந்தது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஒருவன் சொன்னது மற்றவனுக்குப் புரிந்தது என்று ஒத்துக்கொண்டால் அது பேசின மாதிரி ஆகிவிடும். மானம் போய்விடும்.

ஆரம்பத்தில் சேரின் சட்டப்படியே நடந்தேன். அண்ணன், "தண்ணிய மறிச்சவன் வெளங்குவானான்னு கேளு" என்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே முதலாளியின் காது சிவந்துவிட்டது. பிறகு நான் சிங்களத்தில் சொன்னேன், இன்னொரு தடவை சிவந்தது. என் புண்ணியத்தில் ஒவ்வொரு திட்டும் இரண்டு தடவை விழுந்தது.

"அந்தப் பைப் ஒழுகி என் மிளகுக் கொடியெல்லாம் அழுகுகிறது" என்றார் முதலாளி சிங்களத்தில்.

"மொளகாம் மொளகு! போன மாசம் வரைக்கும் அழுகாத மொளகு!" அண்ணன் துள்ளினார். நான் இன்னும் மொழிபெயர்க்கவே இல்லை.

அதிபர் அம்மா என்னைப் பார்த்தார். "இவருக்குச் சிங்களம் தெரியாது என்றாரே?"

"முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கிறார் மேடம்" என்றேன். மிளகை முகத்தில் எப்படிப் பார்ப்பது என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனுஷி.

ஆனால் 'போன மாசம்' என்பது என் மண்டையில் தட்டியது. போன மாதம் என்ன நடந்தது என்று முதலாளியிடம் சிங்களத்தில் கேட்டேன். அவ்வளவுதான், முதலாளி உடைந்துவிட்டார்.

"அந்தப் பிள்ளையை நர்சரிக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவன் நான். அவளுடைய கல்யாணத்துக்கு எனக்கு எப்படி அழைப்பு வந்தது தெரியுமா? நான் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், கார்ட் கருவாட்டுப் பெட்டி மேல் கிடக்கிறது! வெத்திலை இல்லை. ஒரு வார்த்தை இல்லை. கார்ட் முழுக்கக் கருவாட்டு நாற்றம். எனக்கு அழைப்பா, கருவாட்டுக்கு அழைப்பா?"

எங்களுக்கும் சரி அவர்களுக்கும் சரி, கையில் வெத்திலை கொடுத்துக் கூப்பிடாத கல்யாணம் கூப்பிடாத கல்யாணம்தான். பைப்பும் இல்லை, மிளகும் இல்லை, இதுதான் வழக்கு.

சின்னச்சாமி அண்ணனின் முகம் சுருங்கியது. அவருக்கு முழுவதும் புரிந்துவிட்டது, புரிந்ததாகக் காட்டவும் முடியாது. வெட்கம் வந்தால் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "கருவாட்டுக் கடையில கார்ட வேற எங்க வைக்கிறது, அவன் மண்டையிலயா? கேளுடா குமாரு!"

அதிபர் அம்மா பேனாவைத் திறந்தார். சமரசம் ஆகவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இனி கோர்ட்டுதான். அங்கே தீர்ப்பு வரும்போது கல்யாணப் பெண்ணின் மகளுக்கே கல்யாணம் வந்துவிடும்.

நான் மொழிபெயர்க்க வேண்டும். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள்.

எனக்கு ஒரு விஷயம் தெரியும். கார்ட் வைத்த அன்றைக்கு அந்தக் கடைக்கு முன்னால் நின்ற பஸ்ஸில் நான் இருந்தேன். அண்ணன் கடையிலிருந்து ஓடிவந்து ஏறினார், கையில் ஒரு வெத்திலைக் கட்டு. வாங்க ஆள் இல்லாத இடத்தில் வெத்திலையை வைக்கக் கூடாது என்று அதைத் திரும்பவும் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். வாடிப்போகும் வரைக்கும் மடியிலேயே வைத்திருந்தார்.

முதலாளியைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னேன். "முதலாளி, சமாவென்ன. சின்னச்சாமி அண்ணன் சொல்கிறார், அன்றைக்கு நான் வெத்திலையோடுதான் வந்தேன். நீங்கள் கடையில் இல்லை. பஸ் வந்துவிட்டது. வெத்திலையை எடுத்துக்கொண்டு கார்டை மட்டும் வைத்துவிட்டு ஓடினது என் பிழை. திரும்பி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மனசில் வைக்க வேண்டாம், கருணாகரலா."

இரண்டு பேருக்கும் இரண்டு மொழியும் தெரியும். நான் சொன்னது அண்ணன் சொன்னது இல்லை என்று அந்த அறையில் இரண்டு பேருக்கும் தெரியும். பின்னால் இருக்கும் சேரோடு மூன்று பேர். முதலாளி முதல் தடவையாகச் சின்னச்சாமி அண்ணனை நேராகப் பார்த்தார். 'இவன் அப்படிச் சொல்லவே இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"மல்லி," அதாவது தம்பி, என்றார் என்னிடம், சிங்களத்தில், மெதுவாக. "அவன் அப்படியா சொன்னான்? கேட்டுச் சொல்."

நான் திரும்பினேன். "அண்ணே, நீங்க அப்படித்தானே சொன்னீங்க?"

அண்ணன் என்னை எரிக்கிற மாதிரி பார்த்தார். பிறகு சுவரில் ஒட்டியிருந்த எழுத்துப் படத்தைப் பார்த்தார். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரைக்கும் படித்தார் என்று நினைக்கிறேன், அவ்வளவு நேரம்.

"ஆமா," என்றார். "அப்படித்தான் சொன்னேன்."

அதிபர் அம்மாவுக்குச் சந்தேகம். தமிழில் இவ்வளவு சின்னதாக வந்தது சிங்களத்தில் எப்படி இவ்வளவு நீளமாகப் போனது? பின்னால் பார்த்தார். "மிஸ்டர் சிவபாதம், மொழிபெயர்ப்பு சரிதானா?"

சேர் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை.

சேர் எழுந்து நின்றார். இரண்டாம் வகுப்பு நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் அதை நிதானமாகக் கழற்றிக் கீழே வைத்தார். மணிக்கட்டுப் பித்தானைச் சரி பார்த்தார்.

"சரியான மொழிபெயர்ப்பு, மேடம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

முதலாளி தொண்டையைச் செருமினார். "அந்தக் கழுதையை நாளைக்கு வெத்திலையோடு வரச் சொல். அப்புறம் பைப்பைப் பார்க்கலாம்."

"அண்ணே, முதலாளி நாளைக்குக் காலையில உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருப்பாராம்."

"கழுதன்னா…" என்று ஆரம்பித்த அண்ணன், வாயை மூடி, எச்சிலை விழுங்கினார். "சரி. வாறேன்னு சொல்லு."

வெளியே வந்ததும் சேருக்குப் பக்கத்தில் நடந்தேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். வளைவு வந்ததும் நானே ஆரம்பித்தேன்.

"சேர், பதிலை மாத்தக் கூடாதுன்னு சொன்னீங்க."

"நீர் மாத்தேல்லையே. அந்தாள் சொல்லப் பிந்திப்போச்சு. அவ்வளவுதான்."

மறுநாள் அண்ணன் வெத்திலையோடு கடைக்குப் போனார். முதலாளி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் என்று கேள்வி. மத்தியானம் பைப்பில் தண்ணீர் வந்தது. கல்யாணத்தில் முதலாளி முதல் பந்தியில் உட்கார மறுத்துவிட்டார், சாம்பார் வாளியோடுதான் நின்றார். என் இலையில் ஊற்றும்போது மட்டும் அரைக் கரண்டி குறைத்தார்.

சிவபாதம் சேர் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டார். கடைசி நாளில் லெச்சுமி அக்கா கந்தோருக்கு வந்திருந்தார், ஒரு வேலையும் இல்லாமல், சும்மா. சேர் எழுந்து நின்றார். அக்கா உட்காரவில்லை. இரண்டு பேரும் நின்றபடியே சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் யட்டியாந்தோட்டைக்கு ஒரு ஹயர். பின் சீட்டில் சின்னச்சாமி அண்ணனும் குணதாச முதலாளியும். வழி முழுக்க ஒரே சண்டை, பாதி தமிழ், பாதி சிங்களம். முதலாளி கடையில் வெங்காயம் அழுகல் என்று அண்ணன் ஆரம்பித்து, முதலாளியின் மூக்கு, வழுக்கை, நடை என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளி முன்னால் குனிந்து என் தோளைத் தட்டினார்.

"குமாரு," என்றார், பருப்பு விற்கிற நல்ல தமிழில். "இவரு என்ன சொல்றாரு? எனக்குத்தான் தமிழ் தெரியாதே."

நான் வண்டியை வளைவில் திருப்பிக்கொண்டே சொன்னேன். "சமாவென்ன முதலாளி. நீங்க சொகமா இருக்கீங்களான்னு கேக்குறாரு."

முதலாளி சீட்டில் சாய்ந்துகொண்டார். "சொகந்தான்னு சொல்லு," என்றார்.

அண்ணன் வெளியே பார்த்தபடி, "காதுல விழுந்துச்சு" என்றார்.